அத்தியாயம் 7: பூட்டிய வைஃபையில் லினக்ஸ் சேர மறுத்தால்

கைபேசி சேர்ந்துவிடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் லினக்ஸ் மடிக்கணினி மட்டும் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அல்லது வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுவிடுகிறது. சித்தூரில் வீட்டு இணைப்பானாலும், திருப்பதியில் கல்லூரி விடுதி, லாட்ஜ் அறை எதுவானாலும் சரிசெய்யும் முறை ஒன்றுதான். உபுன்டு, லினக்ஸ் மின்ட், டெபியன், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகியவற்றில் வைஃபையைக் கவனிப்பது பொதுவாக நெட்வொர்க்மேனேஜர் என்னும் ஒரே நிரல். ஆகவே கீழே உள்ள படிகள் இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஒரு விதியை மட்டும் கடைசிவரை கைவிடாதீர்கள்: இணைப்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியாமல் எதையும் மாற்றக்கூடாது. கட்டம் தெரிந்துவிட்டால் வேலை பெரும்பாலும் சில நிமிடம்தான். தெரியாமல் தொட்டால், முதலில் இருந்த ஒரு கோளாறு மூன்றாகிவிடும்.

தொடங்கும் முன் எடுத்து வையுங்கள்

1. ஆண்ட்ராய்டு கைபேசியும் அதன் யுஎஸ்பி கேபிளும். வைஃபை வேலை செய்யாத நேரத்தில் டிரைவர் இறக்க இதுதான் வழி. கைபேசியில் "யுஎஸ்பி டெதரிங்" போட்டால் லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் தனி டிரைவர் தேவையில்லை.
2. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் படம்.
3. ஒரு நோட்டு, பேனா. செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும், அதற்கு முன் இருந்த நிலையையும் குறிக்க.

கட்டளைகளைப் படிக்கும் முறை: இந்த நூலில் கட்டளைகள் ஒலிப்படி தமிழில் உள்ளன. டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் கட்டளையின் பகுதியே.

பாதுகாப்பு: செய்யக்கூடாத நான்கு

1. "சோதனைக்காக" ரவுட்டரின் பூட்டை எடுத்துத் திறந்த வைஃபையாக விடாதீர்கள். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பாதுகாப்பற்ற வைஃபை வழியாகப் போனது என்று விசாரணையில் தெரியவந்தது. விசாரணை முதலில் போய் நின்றது அந்த இணைப்பின் சந்தாதாரரிடம். உங்கள் இணைப்பில் யார் எதை அனுப்பினாலும் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.
2. பழைய கணினி சேரட்டும் என்பதற்காக ரவுட்டரை வெப் என்னும் பழைய குறியாக்க முறைக்கு இறக்காதீர்கள். அந்தக் குறியாக்கம் 2001இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. இன்று அதைத் திறக்கச் சில நிமிடம் போதும்.
3. முன்பின் தெரியாத தளத்திலிருந்து டிரைவரை இறக்கி சுடோ அதிகாரத்துடன் ஓட்டாதீர்கள். உங்கள் லினக்ஸ் பதிப்பின் சொந்தக் களஞ்சியம் முதலில்.
4. இணைப்பு விவரங்கள் சேமிக்கப்படும் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். அதில் வைஃபை கடவுச்சொல் பெரும்பாலும் அப்படியே, மறைக்கப்படாமல் இருக்கும்.

ஐந்து கட்டங்கள்

வைஃபை இணைப்பு ஐந்து கட்டமாக நடக்கிறது: அட்டை விழிக்கிறது, பெயர் தெரிகிறது, சாவி பொருந்துகிறது, முகவரி கிடைக்கிறது, இணையம் வருகிறது. உங்கள் கணினி எங்கே நிற்கிறது என்பதை இந்த அறிகுறிகளால் கண்டுபிடியுங்கள்.

- செட்டிங்ஸில் வைஃபை என்ற பகுதியே இல்லை, அல்லது "அடாப்டர் இல்லை" என்கிறது: முதல் கட்டம்.
- பக்கத்து வீட்டுப் பெயர்கள் தெரிகின்றன, உங்களுடையது மட்டும் இல்லை: இரண்டாம் கட்டம்.
- கடவுச்சொல் பெட்டி மறுபடி மறுபடி வருகிறது: மூன்றாம் கட்டம்.
- கடவுச்சொல்லை ஏற்றபின் நெடுநேரம் சுற்றி அறுந்துபோகிறது: நான்காம் கட்டம்.
- "இணைந்தது" என்கிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை: ஐந்தாம் கட்டம்.

சந்தேகமிருந்தால் டெர்மினலில் என்எம்சிஎல்ஐ டிவைஸ் ஸ்டேட்டஸ் என்று அடியுங்கள். வைஃபை வரியில் "அன்அவெய்லபிள்" என்றிருந்தால் முதல் கட்டம். "டிஸ்கனெக்டட்" என்றிருந்தால் அட்டை நலமாக இருக்கிறது. இரண்டாம் கட்டத்திலிருந்து பாருங்கள்.

முதல் கட்டம்: அட்டை விழித்திருக்கிறதா?

1. ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று அடியுங்கள். "சாஃப்ட் பிளாக்டு: யெஸ்" என்றால் மென்பொருள் தடுத்திருக்கிறது, சுடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை என்ற கட்டளை அதை நீக்கும்.
2. "ஹார்ட் பிளாக்டு: யெஸ்" என்றால் எந்தக் கட்டளையாலும் நீங்காது. பழைய மடிக்கணினிகளில் முன்புறமோ பக்கவாட்டிலோ ஒரு சிறு தள்ளு சுவிட்ச் இருக்கும். புதியவற்றில் எஃப்என் விசையுடன் விமானப் படமோ கோபுரப் படமோ உள்ள விசையை அழுத்துங்கள்.
3. இரண்டும் "நோ", ஆனாலும் வைஃபை இல்லை என்றால் டிரைவர்தான். எல்எஸ்பிசிஐ என்று அடித்து "நெட்வொர்க் கன்ட்ரோலர்" என்ற வரியைத் தேடுங்கள். யுஎஸ்பி டாங்கிள் என்றால் எல்எஸ்யுஎஸ்பி. வரும் நிறுவனப் பெயரையும் எண்ணையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

*நிறுவனம் பார்த்து நடவடிக்கை*

- பிராட்காம்: பழைய மடிக்கணினிகளில் பரவலாக இருந்த அட்டை. பல மாதிரிகளுக்கு டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். கைபேசியை யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, உபுன்டுவில் "அடிஷனல் டிரைவர்ஸ்", மின்ட்டில் "டிரைவர் மேனேஜர்" திறவுங்கள். பட்டியலில் பிராட்காம் வரியைத் தேர்ந்து நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.
- ரியல்டெக்: கர்னல் புதிதானால் பல மாதிரிகள் தானாகவே வேலை செய்யும். முதலில் கணினியை முழுதாகப் புதுப்பியுங்கள்; டிரைவரைத் தனியாகத் தேடுவது அதற்குப் பிறகு.
- இன்டெல்: டிரைவர் கர்னலிலேயே இருக்கும். அட்டைக்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு விடுபட்டிருக்கலாம். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் இத்தகைய ஃபர்ம்வேர் நிறுவல் வட்டிலேயே வருகிறது. அதற்கு முந்தைய பதிப்பில் தனியாகச் சேர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸும் வந்தது. எல்லைக்கு அந்தப்பக்கத்து உறவினரிடமிருந்து அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்திருந்தால், அதிலிருக்கும் பழைய பதிப்போடு போராட வேண்டாம். 2017 அக்டோபரில், வைஃபை பூட்டு முறையான டபிள்யுபிஏ2வின் சாவி சரிபார்ப்பில் (கைகுலுக்கலில்) க்ராக் என்ற ஓட்டை வெளியானது. அதற்கு முன் நிறுவி, பிறகு புதுப்பிக்காத எந்த லினக்ஸிலும் அந்த ஓட்டை அப்படியே இருக்கும். கோப்புகளை நகலெடுத்துவிட்டுப் புதிய பதிப்பை நிறுவுங்கள். பாதுகாப்பும் கிடைக்கும், டிரைவர் சிக்கலும் பெரும்பாலும் அதோடு தீரும்.

குறிப்பு: நேற்று வரை வேலை செய்தது, இன்று இல்லை என்றால். கர்னல் புதுப்பிப்பு நடந்திருக்கலாம். கணினியைத் தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியலில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" சென்று முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் வைஃபை வந்தால், புதிய கர்னலுக்கு டிரைவர் கட்டமைக்கப்படவில்லை என்று பொருள். புதிய கர்னலின் ஹெடர் தொகுப்பை நிறுவிவிட்டு டிரைவரை மறுபடி நிறுவினால் சரியாகும்.

குறிப்பு: செக்யூர் பூட். தனியாக நிறுவும் டிரைவருக்குக் கையொப்பம் இல்லையென்றால், செக்யூர் பூட் உள்ள கணினி அதை ஏற்றாது. நிறுவும்போது உபுன்டு ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வரும். அதில் "என்ரோல் மாக்" தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். பலர் இந்த நீலத் திரையைக் கண்டு பயந்து "கன்டினியூ" அழுத்திவிடுகிறார்கள். டிரைவர் நிறுவியும் வைஃபை வராததற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

இரண்டாம் கட்டம்: உங்கள் வைஃபையின் பெயர் தெரிகிறதா?

1. மடிக்கணினியை ரவுட்டர் இருக்கும் அறைக்கே கொண்டுபோங்கள். அங்கே தெரிந்தால் தூரமும் சுவருமே காரணம்.
2. அங்கும் தெரியவில்லையா? ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்புகிறதா என்று பாருங்கள். பழைய அட்டைகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கேட்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4ஐயும் இயக்குங்கள்.
3. 2.4 இயங்கியும் தெரியவில்லை என்றால் சேனலைப் பாருங்கள். இந்தியாவில் 1 முதல் 13 வரை பயன்படுத்தலாம். ஆனால் அமெரிக்காவுக்கென அமைத்த டாங்கிள்கள் 12, 13ஐக் கேட்காது. ரவுட்டரில் "ஆட்டோ" என்றிருப்பதை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக மாற்றுங்கள்.
4. 5 கிகாஹெர்ட்ஸ்தான் வேண்டும் என்றால் 36 முதல் 48 வரையிலான சேனல்களில் ஒன்றை வையுங்கள். 2018 அக்டோபரில் இந்தியா 5 கிகாஹெர்ட்ஸில் உரிமம் தேவையில்லாத அலைவரிசையை விரிவாக்கியது. புதிதாகத் திறந்த சேனல்களைப் பழைய அட்டைகளும் பழைய மென்பொருளும் அறிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.
5. ஐடபிள்யு ரெக் கெட் என்று அடியுங்கள். நாட்டுக் குறி "00" என்று வந்தால் கணினிக்குத் தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியவில்லை. சுடோ ஐடபிள்யு ரெக் செட் என்பதன் பின் இந்தியாவின் ஈரெழுத்துக் குறியான ஐ, என் இரண்டையும் பெரிய எழுத்தில் சேர்த்து அடியுங்கள். வேறு நாட்டுக் குறியைக் கொடுத்து வலிமையைக் கூட்ட முயலாதீர்கள். அது சட்டத்துக்குப் புறம்பு.

குறிப்பு: தமிழிலோ தெலுங்கிலோ பெயர் வைக்கலாமா? வைக்கலாம், அளவு பார்த்து. வைஃபை பெயருக்கு 32 பைட் இடம்தான். தமிழில் மெய்யும் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். "சித்தூர்" 24 பைட், "திருப்பதி" 27 பைட், இரண்டும் அடங்கும். "திருப்பதி வீடு" 40 பைட் ஆகிவிடும், அடங்காது. சில ரவுட்டர்கள் ஆங்கில எழுத்துகளைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. கடவுச்சொல்லோ எப்போதும் ஆங்கில எழுத்து, எண், குறிகளில் மட்டுமே. 8 முதல் 63 எழுத்து வரை.

மூன்றாம் கட்டம்: சாவி பொருந்துகிறதா?

பெரும்பாலான புகார்கள் இங்கேதான். கடவுச்சொல் காற்றில் அப்படியே போவதில்லை. கடவுச்சொல்லையும் வைஃபை பெயரையும் சேர்த்து 4096 முறை அரைத்துக் கணினி ஒரு சாவி செய்கிறது. அதே சாவி ரவுட்டரிடமும் இருக்கிறதா என்று இருவரும் நான்கு செய்திகளால் சரிபார்க்கிறார்கள். இதுவே டபிள்யுபிஏ2வின் நான்கு-வழிக் கைகுலுக்கல். ஆகவே கடவுச்சொல்லில் மட்டுமல்ல, மறைக்கப்பட்ட வைஃபையின் பெயரைக் கையால் அடிக்கும்போது ஓர் எழுத்து பெரிதானாலும் சிறிதானாலும் சாவி மாறிவிடும்.

வரிசையாகச் செய்யுங்கள். ஒன்றைச் செய்து, இணைத்துப் பார்த்து, பிறகே அடுத்தது.

1. கடவுச்சொல்லைக் கண்ணால் பாருங்கள். பெட்டியில் "ஷோ பாஸ்வேர்ட்" குறியை இடுங்கள். ஒரே கணினியில் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்று விசைப்பலகையும் வைத்திருப்பவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது. புள்ளிகளுக்குப் பின்னால் நீங்கள் அடிப்பது தெலுங்கு எழுத்தாக விழுந்துகொண்டிருக்கலாம். சூப்பர் விசையும் ஸ்பேஸ் விசையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.
2. ஸ்டிக்கரை நம்பாமல் கைபேசியில் சரிபாருங்கள். பூஜ்யமும் ஓ எழுத்தும், ஒன்று எண்ணும் சிறிய எல் எழுத்தும் ஸ்டிக்கரில் ஒன்றுபோலத் தெரியும். ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசியில் வைஃபை விவரத்தைத் திறந்து "ஷேர்" தொட்டால் க்யூஆர் படம் வரும். பல கைபேசிகளில் அதன் கீழே கடவுச்சொல் எழுத்தாகவும் இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் கடைசியில் வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள்.
3. பழைய நினைவை அழியுங்கள். வைஃபை பெயருக்கு அருகில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு "ஃபர்கெட் கனெக்ஷன்" கொடுத்து, புதிதாக இணையுங்கள். ரவுட்டரில் கடவுச்சொல்லை மாற்றியபின் பழையதையே கணினி பயன்படுத்திக்கொண்டிருப்பது வழக்கமான கோளாறு.
4. கிட்டே போய் முயலுங்கள். சிக்னல் மெலிந்து நான்கு செய்திகளில் ஒன்று தவறினாலும் கணினி "கடவுச்சொல் தவறு" என்று சொல்லக்கூடும்.
5. பாதுகாப்பு முறையைப் பொருத்துங்கள். ரவுட்டரில் "டபிள்யுபிஏ2/டபிள்யுபிஏ3 மிக்ஸ்டு" என்றிருந்தால் சில பழைய டிரைவர்கள் தடுமாறும். டபிள்யுபிஏ3 வந்தது 2018இல். அதற்கு முந்தைய அட்டைகள் பலவற்றுக்கு அது தெரியாது. "டபிள்யுபிஏ2, ஏஇஎஸ்" என்று மட்டும் வைத்துச் சோதியுங்கள்.
6. ரவுட்டர் மிகப் பழையதா? அதில் "டிகேஐபி" என்று இருந்தால் "ஏஇஎஸ்" ஆக்குங்கள். வெப் என்று இருந்தால் டபிள்யுபிஏ2வுக்கு ஏற்றுங்கள். லினக்ஸில் குறியாக்கத்தைக் கையாளும் டபிள்யுபிஏ சப்ளிகன்ட் நிரலின் 2.10 பதிப்பு 2022 ஜனவரியில் வந்தது. அது முதல் வெப் இயல்பாக அணைத்தே வருகிறது. கணினியைக் கீழிறக்காதீர்கள், ரவுட்டரை மேலேற்றுங்கள். அதில் டபிள்யுபிஏ2வே இல்லையென்றால் ரவுட்டரை மாற்றும் காலம் வந்துவிட்டது.
7. மேக் முகவரியைப் பாருங்கள். ரவுட்டரில் அனுமதிப் பட்டியல் இருந்தால் அதில் உங்கள் அட்டையின் முகவரி இருக்க வேண்டும். இணைப்பின் பல்சக்கரத்தில் "ஐடென்டிட்டி" பகுதிக்குப் போய் "க்ளோன்டு அட்ரஸ்" என்பதை "பெர்மனென்ட்" ஆக்குங்கள். கணினி ஒவ்வொரு முறையும் புது முகவரி காட்டுவது நிற்கும்.

பதிவேடு சொல்வதைப் படியுங்கள்

ஏழு படிகளையும் செய்தும் பயனில்லையா? டெர்மினலில் ஜர்னல்சிடிஎல் -எஃப் என்று அடித்துத் திறந்து வைத்துக்கொண்டு வைஃபையில் சேர முயலுங்கள். வரிகள் ஓடும். இவற்றைத் தேடுங்கள்:

- "4-வே ஹேண்ட்ஷேக் ஃபெயில்டு": சாவி பொருந்தவில்லை. படி 1 முதல் 4 வரை மறுபடி.
- "ரீசன் 15": கைகுலுக்கலுக்கான நேரம் கடந்தது. தவறான சாவி அல்லது மெலிந்த சிக்னல்.
- "ஆத்தென்டிகேஷன் டைம்டு அவுட்": சாவிக்கு முன்பே பேச்சு நின்றுவிட்டது. தூரமோ டிரைவரோ காரணம்.
- "நோ சீக்ரெட்ஸ்": கடவுச்சொல் நெட்வொர்க்மேனேஜரின் கைக்கே வரவில்லை. தானாக உள்நுழையும் கணினிகளில் சாவிக்கொத்து திறக்கப்படாமல் இருப்பதால் இது நேரும். இணைப்பின் "செக்யூரிட்டி" பகுதியில் கடவுச்சொல் பெட்டியின் ஓரத்திலுள்ள சிறு படத்தைத் தொட்டு, "எல்லாப் பயனர்களுக்கும் சேமி" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டால் இதைச் செய்வதற்கு முன் யோசியுங்கள்.
- "ரீசன் 23": கல்லூரி வகை இணைப்பில் அடையாளச் சோதனை தோற்றது. அடுத்த பகுதியைப் பாருங்கள்.

குறிப்பு: டெர்மினலிலிருந்தே இணைக்க விரும்பினால் கடவுச்சொல்லைக் கட்டளைக்குள் எழுதாதீர்கள், டெர்மினலின் வரலாற்றில் தங்கிவிடும். என்எம்சிஎல்ஐ --ஆஸ்க் டிவைஸ் வைஃபை கனெக்ட் என்று அடித்துப் பின்னால் வைஃபை பெயரைச் சேருங்கள். கடவுச்சொல்லை அது தனியாகக் கேட்டு வாங்கும்.

கல்லூரி வளாகத்தில்: ஆளுக்கொரு அடையாளம்

1954இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983இல் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015இல் வந்த ஐஐடியும் ஐசரும் என்று திருப்பதி மாணவர் நிறைந்த ஊர். வளாக வைஃபைகளில் பொதுக் கடவுச்சொல்லுக்குப் பதில் ஆளுக்கொரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தரும் "என்டர்பிரைஸ்" முறை பரவலாக உள்ளது. லினக்ஸ் இதில் எல்லா விவரத்தையும் உங்களிடமே கேட்கும். அதனால் முதலில் கணினி மையத்தில் நான்கு விவரம் வாங்குங்கள்: வெளி முறை, உள் முறை, சான்றிதழ்க் கோப்பு, சேவையகத்தின் டொமைன் பெயர்.

1. "செக்யூரிட்டி" என்பதில் "டபிள்யுபிஏ & டபிள்யுபிஏ2 என்டர்பிரைஸ்" தேர்ந்தெடுங்கள்.
2. "ஆத்தென்டிகேஷன்" பெரும்பாலும் "ப்ரொடெக்டட் இஏபி". "இன்னர் ஆத்தென்டிகேஷன்" பெரும்பாலும் "எம்எஸ்சாப்வி2". வளாகம் வேறு சொன்னால் அதுவே சரி.
3. சான்றிதழ்க் கோப்பைக் காட்டுங்கள், டொமைன் பெயரை நிரப்புங்கள். "சிஏ சர்ட்டிஃபிகேட் தேவையில்லை" என்ற பெட்டியில் குறியிட்டால் உடனே சேர்ந்துவிடலாம். ஆனால் அதே பெயரில் போலி வைஃபை வைத்து விடுதியில் யாராலும் உங்கள் கடவுச்சொல்லைக் கறக்கவும் முடியும். அதே கடவுச்சொல்தான் உங்கள் கல்லூரி மின்னஞ்சலுக்கும் என்றால் இழப்பு பெரிது.
4. எட்யுரோம் என்றால் பயனர் பெயரை முழுதாக, நிறுவனத்தின் முகவரிப் பகுதியோடு அடியுங்கள். இந்தியாவில் எர்னெட் வழியாக இயங்கும் இந்த இணைப்பில் வேறு வளாகத்திலும் சேர முடிவது அந்தப் பகுதியால்தான்.
5. கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிறு பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று தள்ளப்படும். தேதியைச் சரிசெய்து இணையுங்கள், பேட்டரியை மாற்றுங்கள்.
6. உபுன்டு 22.04 அல்லது அதற்குப் பிந்தையதில் மட்டும் சேரவில்லை என்றால், பதிவேட்டில் "அன்சேஃப் லெகசி ரீநெகோஷியேஷன்" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். வளாகச் சேவையகம் பழைய குறியாக்கம் பேசுகிறது, ஓபன்எஸ்எஸ்எல் 3 அதை மறுக்கிறது என்று பொருள். அந்த வரியை எழுதிக் கணினி மையத்தில் கொடுங்கள். அவர்கள் சேவையகத்தைப் புதுப்பித்தால் அடுத்த மாணவருக்கும் இந்தத் தொல்லை இராது.

நான்காம் கட்டம்: முகவரி கிடைக்கிறதா?

சாவி பொருந்தியபின் ரவுட்டர் கணினிக்கு ஓர் ஐபி முகவரி தர வேண்டும். பதிவேட்டில் "ஐபி-கான்ஃபிக்-அன்அவெய்லபிள்" என்று வந்தால் அது வரவில்லை.

1. இணைப்பின் "ஐபிவி4" பகுதியில் "ஆட்டோமேட்டிக்" இருக்கிறதா பாருங்கள். முன்பு எங்கோ கையால் எழுதிய முகவரி இங்கே தங்கியிருக்கலாம்.
2. ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து இயக்குங்கள்.
3. லாட்ஜில் இருந்தால் ரவுட்டரின் முகவரிகளே தீர்ந்துபோயிருக்கலாம். சாதாரண ரவுட்டர் ஒரு வலையில் அதிகபட்சம் இருநூற்றைம்பதுக்குச் சற்று மேல்தான் முகவரி தரும். பலவற்றில் அதைவிடக் குறைவாகவே அமைத்திருப்பார்கள். பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி நாள்களில் அறைகள் நிரம்பும்போது, காலையில் காலி செய்துபோனவரின் கைபேசிக்குக் கொடுத்த முகவரியும் கெடு முடியும்வரை திரும்பாது. வரவேற்பில் சொல்லி ரவுட்டரை மறுதொடக்கம் செய்யச் சொல்லுங்கள். லாட்ஜ் உங்களுடையது என்றால் முகவரிக் கெடுவை ஒரு நாளிலிருந்து இரண்டு மணி நேரமாகக் குறையுங்கள்.

ஐந்தாம் கட்டம்: இணையம் வருகிறதா?

1. ஐபி ரூட் என்று அடியுங்கள். "டிஃபால்ட் வயா" என்பதற்குப் பின் வரும் எண் ரவுட்டரின் முகவரி. பிங் என்று எழுதி அந்த எண்ணைச் சேருங்கள். பதில் வந்தால் வைஃபை நலம். நிறுத்த கன்ட்ரோல் விசையும் சி எழுத்தும்.
2. பிங் 8.8.8.8 அடியுங்கள். இதற்குப் பதில் இல்லையென்றால் கோளாறு வெளியே. ஏபி ஃபைபர்நெட், பிஎஸ்என்எல் என எந்த ஃபைபர் இணைப்பானாலும் பெட்டியில் "லாஸ்" விளக்கு சிவப்பாக எரிகிறதா பாருங்கள். எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை. லைன்மேனை அழைப்பதுதான் வேலை. ஃபைபர் முனையைக் கழற்றி அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.
3. எண்ணுக்குப் பதில் வருகிறது, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. "ஐபிவி4" பகுதியில் டிஎன்எஸ் "ஆட்டோமேட்டிக்" ஆக இருக்கட்டும். விபிஎன் இருந்தால் நிறுத்திப் பாருங்கள்.
4. லாட்ஜிலும் ரயில் நிலையத்திலும் கைபேசி எண், ஓடிபி கேட்கும் நுழைவுப் பக்கம் தானாகத் திறக்காமல் போகலாம். உலாவியில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற தளத்துக்குப் போங்கள். குறியாக்கம் இல்லாத அந்தப் பக்கம் உங்களை நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடும்.

எச்சரிக்கை: நுழைவுப் பக்கத்தில் ஓடிபி கேட்பதால் இணைப்பு பூட்டப்பட்டது ஆகாது. ரயில்டெல் நடத்தும் ரயில் நிலைய ரயில்வயர் உட்பட இத்தகைய பொது வைஃபைகள் பெரும்பாலும் பூட்டில்லாதவை. பெயருக்கு அருகில் பூட்டுப் படம் இல்லாத எதிலும் வங்கி வேலை செய்யாதீர்கள். அதற்குக் கைபேசி டேட்டாவைப் பயன்படுத்துங்கள்.

சேர்கிறது, ஆனால் அடிக்கடி அறுகிறது

1. மின் சேமிப்பை நிறுத்திப் பாருங்கள். நெட்வொர்க்மேனேஜர் அமைப்புக் கோப்பில் "வைஃபை டாட் பவர்சேவ்" என்பதன் மதிப்பு 3 என்றால் சேமிப்பு இயங்குகிறது. 2 ஆக்கினால் நிற்கும். கோப்பைத் திருத்துமுன் அதன் நகலை எடுத்து வையுங்கள்.
2. வைஃபை டாங்கிளை யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்கின் பக்கத்தில் செருகியிருந்தால் விலக்குங்கள். யுஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும். ஒரு முழ நீள நீட்டிப்புக் கேபிள் போதும்.
3. மடிக்கணினியை மூடித் திறந்தபின் மட்டும் அறுகிறது என்றால் சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் நெட்வொர்க்மேனேஜர் அடியுங்கள். கடைசிச் சொல்லில் என், எம் இரண்டு மட்டும் பெரிய எழுத்து, இடைவெளி கிடையாது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- ஒரே நேரத்தில் மூன்று மாற்றம் செய்வது. எது குணமாக்கியது என்று தெரியாது. மற்ற இரண்டும் நாளைய கோளாறாகும்.
- எடுத்த எடுப்பில் லினக்ஸை மறுநிறுவல் செய்வது. கடவுச்சொல்லோ சேனலோ காரணமென்றால் புதிய நிறுவலிலும் அதே நிலைதான்.
- கைபேசி சேர்கிறது என்பதால் ரவுட்டர் சரி என்று முடிவு கட்டுவது. கைபேசி 5 கிகாஹெர்ட்ஸிலும் கணினி 2.4லும் இருக்கலாம்.
- பழைய இணையக் குறிப்பொன்றைப் பார்த்து நெட்வொர்க்மேனேஜரை நீக்குவது. அதை நீக்கியபின் திரும்ப நிறுவ இணையம் இருக்காது.

உதவி கேட்கும்போது

ஆந்திராவில் ஸ்வேச்சா, தமிழில் 2012 முதல் கணியம் போன்ற கட்டற்ற மென்பொருள் முயற்சிகள் தன்னார்வலர்களால் நடப்பவை. அவர்களுடைய நேரத்தை மதித்து இவற்றோடு போங்கள்: லினக்ஸ் பதிப்பு, எல்எஸ்பிசிஐ தந்த அட்டையின் பெயர், எந்தக் கட்டத்தில் நிற்கிறது, பதிவேட்டின் கடைசி இருபது வரி, இதுவரை செய்த மாற்றங்கள். அனுப்புமுன் வைஃபை பெயரையும் மேக் முகவரிகளையும் அழித்துவிடுங்கள்.

சரியானபின் செய்யவேண்டியவை

1. யுஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்து, வைஃபை தானாகச் சேர்கிறதா பாருங்கள்.
2. சோதனைக்காக ரவுட்டரில் மாற்றியவற்றில், தீர்வுக்குத் தேவையில்லாததைப் பழைய நிலைக்குத் திருப்புங்கள். பாதுகாப்பு முறை டபிள்யுபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யுபிஏ3 என்று இருப்பதை உறுதிசெய்யுங்கள்.
3. ரவுட்டர் இன்னும் ஸ்டிக்கர் கடவுச்சொல்லோடு இருந்தால் மாற்றுங்கள். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்தால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும்.
4. தீர்த்துவைத்த அந்த ஒரு மாற்றத்தைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். டிரைவர் காரணமென்றால் அட்டையின் பெயரையும் தொகுப்பின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த கர்னல் புதுப்பிப்பில் அதே சிக்கல் வந்தால் அந்த வரியிலிருந்தே தொடங்கிவிடலாம்.